ஒரு சாண் கூடிப்போன பெஞ்சு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுறேன். இங்கே நான், அப்பா, தையல் மெஷின் மூணு பேரும் சௌக்கியம். என் முழங்கால் மட்டும் படி ஏறும்போது முணுமுணுக்குது, அதை நான் கண்டுக்கிறதில்லே. நீயும் அங்கே சௌக்கியமா இருக்கணும், சௌக்கியம்னா வேளைக்கு உட்கார்ந்து சாப்பிடறது, ரயிலுக்கு ஓடிக்கிட்டே பாதி ரொட்டியைக் கடிக்கிறது இல்லே. போன்லதான் தினம் பேசறோமே, கடிதம் எதுக்குன்னு கேப்பே. போன்ல பேசினா உங்கப்பா காதை நீட்டிக்கிட்டுப் பக்கத்துலயே நிப்பார். இது அவரைப் பத்தின சமாச்சாரம், அதான் எழுத்துல.

நீ அனுப்பினியே படம், அடுக்களை மூலையில ஜன்னலை ஒட்டி ஒரு பெஞ்சு, முன்னாடி சின்ன மேஜை, ரெண்டு பேர் உட்கார்ந்து காலைச் சாப்பாடு சாப்பிடறாப்பல, அதைப் பார்த்ததிலேருந்து எனக்கு அதே நினைப்பாப் போச்சு. உனக்குத் தெரியும், அப்பா ஓட்டினது முதல் பஸ். விடியறதுக்கு முன்னாடி கிளம்பிப் போய், டிப்போ வாசல்ல நின்னபடியே எதையாவது வாயில போட்டுக்கிட்டு வண்டியை எடுப்பார். நான் உங்களை எழுப்பி அனுப்பிட்டு, ஆறின டீயோட தையல் கடையைத் திறக்க ஓடுவேன். ரிட்டயர் ஆனதும் காலையிலயாவது ரெண்டு பேரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடலாம்னு நான் ஆசையா இருந்தேன். உங்கப்பாவா உட்காருவார். பாத்திரம் கழுவுற தொட்டிக்கும் ஜன்னலுக்கும் நடுவுல ஒரு இடம் இருக்கே, அங்கே நின்னு தெருவைப் பார்த்துக்கிட்டே முழுங்கிடுவார். உட்கார்ந்தா எனக்கு உள்ளே இறங்காதுன்னு ஒரே பேச்சு. நான் தட்டை எடுத்துக்கிட்டு உட்காரவும் அவர் தட்டைக் கழுவி வைக்கவும் சரியா இருக்கும். ராத்திரியோ டிவிக்கு முன்னாடி ஆளுக்கொரு மூலை. சண்டையெல்லாம் ஒண்ணும் இல்லே கண்ணு, ஆனா இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் காலையில தனியாத்தானே சாப்பிடறேன்னு மனசுல ஒரு குறை, அதை யார்கிட்ட போய்ச் சொல்றது.

மூலையில பெஞ்சு போடலாம்னு பேச்சை எடுத்ததும் உங்கப்பா கேட்ட முதல் கேள்வி, என் இடம் போயிடுமான்னுதான். போகாது, நீங்க நிக்கிற இடத்தை நான் தொடவே மாட்டேன்னு வாக்குக் கொடுத்த பிறகுதான் சம்மதிச்சார். மரவேலைக்கு நம்ம பென்சில்தான் வந்தார், ஞாபகம் இருக்கா, எந்நேரமும் காதுல பென்சிலைச் செருகிக்கிட்டு அதையே வீடு பூரா தேடுவாரே, அந்தத் தச்சர். அவர் அளவெடுக்க டேப்பை நீட்டினார். எனக்குப் பொறுக்குமா, இத்தனை வருஷம் ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் அளவெடுத்தவ நான், என் வீட்டு மூலைக்கு நானே எடுத்துத் தர்றேன்னுட்டேன். சாக்குக் கட்டியால சுவத்துல கோடு போட்டு, சுவிட்சு வரைக்கும் ஒண்ணு, ஜன்னலுக்கு ஒண்ணு, ஜன்னல் தாண்டி ஒண்ணுன்னு மூணு துண்டா அளந்து சொன்னேன். அவரும் அக்கா சொன்னா சரியா இருக்கும்னு அப்படியே எழுதிக்கிட்டுப் போனார்.

பெஞ்சு வந்து இறங்கிச்சு. வேலை அவ்வளவு நேர்த்தி, தூக்கினா உள்ளே சாமான் வைக்க இடம், ஓரத்துல கூட ஒரு சிராய்ப்பு இல்லே. மூலையில தள்ளி வச்சுப் பார்த்தா ஒரு சாண் கூட. அப்பா நிக்கிற இடத்துல இப்போ துடைப்பம்தான் நிக்கலாம். பென்சில் தன் டேப்பை வச்சுப் பார்க்கிறார், நான் சொன்ன அளவுதான், ஒரு நூல் பிசகு இல்லே. அப்புறம்தான் எனக்குப் புத்தியில தட்டுச்சு. பள்ளிக்கூடச் சீருடை தைச்சுப் பழகின கை இல்லையா, எதை அளந்தாலும் தையலுக்குக் கொஞ்சம், பிள்ளை வளர்ந்தா பிரிச்சு விட்டுக்கக் கொஞ்சம்னு வாய் தானா சேர்த்துச் சொல்லிருது. மூணு துண்டுக்கும் ரெண்டு பக்கமும் சேர்த்திருக்கேன். விஷயத்தைச் சொன்னதும் பென்சில் சிரிச்ச சிரிப்பு எதிர்வீட்டு டீச்சர் வரைக்கும் கேட்டிருக்கு. பிள்ளைதான் அடுத்த வருஷம் வளரும், உங்க பெஞ்சும் வளருமாக்கான்னு கேக்கறார். மரத்தை உள்ளே மடிச்சுத் தைக்கவா முடியும், அறுத்துத்தான் எடுக்கணும், கையில வேற வேலை இருக்கு, முடிச்சுட்டு ரம்பத்தோட வர்றேன்னுட்டுப் போயிட்டார்.

உங்கப்பா சிரிக்கலே. வாக்குக் கொடுத்துட்டு இப்படித் திட்டம் போட்டுப் பண்ணிட்டியேங்கிற மாதிரி ஒரு பார்வை. எனக்கு அழுகையா வந்துச்சு, கோபமும் வந்துச்சு. திட்டம் போட்டுத் தப்பா அளக்கிறவளா நான், என் தொழிலுக்கு அது எவ்வளவு அவமானம்னு கேட்டேன். அதை மட்டும் நம்பினார். ஆனா மறுநாள் காலையில அவர் பட்ட பாடு இருக்கே, தட்டைக் கையில வச்சுக்கிட்டு வீடு பூரா சுத்தினார். பிரிட்ஜ் பக்கம் நின்னா பாலுக்கு நான் கதவைத் திறக்கணும், வாசப்படியில நின்னா வழியை மறைக்கிறார். பால்கனிக்குப் போனார், டீயை எடுக்க உள்ளே வந்துட்டுத் திரும்பறதுக்குள்ளே ரொட்டியைப் புறா கொத்திட்டுப் போயிருச்சு. அதுக்கு அடுத்த நாள் தட்டோட வந்து, பெஞ்சு நுனியில, அடுத்த ஸ்டாப்புல இறங்கப்போறவர் மாதிரி ஒரு பக்கமா உட்கார்ந்தார். ஏதாவது சொல்லி வச்சா எழுந்துடுவாரோன்னு முட்டையை உரிச்சுத் தட்டுல வச்சுட்டு என் டீயைப் பார்த்துக்கிட்டே இருந்தேன்.

நாலஞ்சு நாள் இப்படியே போச்சு, நுனியிலேருந்து நடுவுக்கு வந்துட்டார். ஒரு நாள் டீயை ஆத்திக்கிட்டே தானாச் சொல்றார், முதல் பஸ்ஸை எடுத்துக்கிட்டு உன் கடை முனையைத் திரும்பும்போதெல்லாம் ஒரு தடவை ஹாரன் அடிச்சுட்டுப் போவேன்னு. அந்நேரத்துக்குக் கடை ஏதுங்க திறந்திருக்கும், நான் வீட்டுலல்ல இருந்தேன்னேன். தெரியும், இருந்தாலும் அடிப்பேன்னார். பாரு, பூட்டின கடைக்கு இத்தனை வருஷம் ஹாரன் அடிச்சிருக்கார் மனுஷன், எனக்கு இப்பத்தான் தெரியுது. நின்னுக்கிட்டே சாப்பிட்டிருந்தா இது எந்தக் காலத்துல வெளியே வந்திருக்கும், சொல்லு.

அப்படி இருக்கையில போன சனிக்கிழமை பென்சில் ரம்பத்தோட வந்து நிக்கிறார். அந்த ஒரு சாணை அறுத்துட்டா அவர் இடம் அவருக்குத் திரும்பக் கிடைச்சுடும், நாளைக்கே பழையபடி நின்னுக்குவார். வேண்டாம்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு, ஆனா வாக்குக் கொடுத்தவ நான், எந்த முகத்தோட சொல்றது. அடுப்புப் பக்கம் திரும்பிக்கிட்டு, கொதிக்காத தண்ணியைக் கொதிக்குதான்னு பார்த்துக்கிட்டு நின்னேன். பென்சில் எங்கே அறுக்கணும்னு கேட்டார். அப்பா பெஞ்சு மேல கையை ஓட்டிக்கிட்டே வந்து நுனியில நிறுத்தினார். நீளம் இருக்கட்டும், இந்த முனையை மட்டும் கொஞ்சம் உருட்டி விடுங்க, போகையிலயும் வரையிலயும் அவ இதுலதான் இடுப்பை இடிச்சுக்கிறாங்கிறார். எனக்குக் கண்ணு நிறைஞ்சுருச்சு, பழி போடக் கையில ஒரு வெங்காயம்கூட இல்லே.

முனையை இப்போ நீ தடவிப் பார்க்கணும், குழந்தை கன்னம் மாதிரி இருக்கு. மெத்தைக்குச் சீருடையில மிஞ்சின நீலத் துணியைப் போட்டேன், தச்சரே வந்து அளந்து கொடுத்தார், என்னை டேப் பக்கமே விடலே. வாரக் கடைசியில வந்து போற உன் தம்பி டிரைவிங் லைசென்ஸ் வாங்கிட்டான், அப்பா பக்கத்துல உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வர்றாராம். டீச்சர் வீட்டுலயும் இதே மாதிரி பெஞ்சு வேணுமாம், அளவெடுக்க மட்டும் என்னைக் கூப்பிட மாட்டாங்களாம்.

நீ அந்த அறையில ஜன்னலோரமா ஒரு பலகையாவது போட்டுக்கோ கண்ணு. உங்கப்பா ரத்தம்தான் உனக்கு, நின்னே சாப்பிட்டு முடிச்சுடுவே. உட்கார ஒரு இடம் இருந்தாத்தான் எதிர்ல யாராவது வந்து உட்காருவாங்க. பலகைக்கு அளவை அனுப்பு, மெத்தை தைச்சு அனுப்பறேன். உள்ளதை உள்ளபடி எழுது, சேர்க்க வேண்டியதை நான் சேர்த்துக்கிறேன். நீ நோய் நொடியில்லாம, மனசு நிறைஞ்சு, நீண்ட ஆயுசோட நல்லா இருக்கணும்னு ரெண்டு பேரும் வாழ்த்தறோம். லீவு கிடைச்சா வா, நாங்க ரெண்டு பேரும் நெருங்கி உட்கார்ந்தா அந்த ஒரு சாணோட உனக்கும் இடம் வந்துரும். விடிஞ்சதிலேருந்து என்னதான் எழுதறேன்னு உங்கப்பா கேக்கறார், சீருடை அளவுன்னு சொல்லியிருக்கேன், காட்டிக் கொடுத்துடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா.
எதிர்ல அப்பா, உட்கார்ந்துக்கிட்டு.