1090-இல் ஒரு முகடு

2025 பிப்ரவரி 3, திங்கள்

கரமனை வீட்டிலிருந்து கழக்கூட்டம் பல்கலைக்கழகம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். கால் வலி தெரியவில்லை. என் ஆய்வு வழிகாட்டி லீலாபாய் மேடம் கட்டுரையைப் படித்து முடித்துவிட்டார். வெள்ளிக்கிழமை ஆய்விதழுக்கு அனுப்புகிறோம்.

ஒரு நொடிகூட நிலைக்காத அணுக்கருக்கள். வெளிநாட்டு முடுக்கியில், ஒளியின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கில் பறந்தபடியே காமா கதிர் உமிழ்ந்தவை. அந்தக் காமாக் குவியலில் 1090 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் ஒரு முகடு. இதுவரை யாரும் காணாதது. என் முனைவர் பட்டமே அதன்மேல்தான் நிற்கிறது.

பிப்ரவரி 4

பக்கத்து மேசை அபிலாஷ், பாறசாலைக்காரன், கேள்வி கேட்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. "விஜி, எல்லா வளையத்திலயும் இந்த பீக் உண்டா? வேகத் திருத்தம் இல்லாம ஒருக்கா வரைஞ்சு பாத்தியா?"

பறக்கும் கருவின் காமா, வளையம் வளையமாக வைத்த கருவிகளில் கருவிக்குக் கருவி இடம் மாறித் தெரியும். வேகத்தைக் கணக்கிட்டுத் திருத்தினால்தான் கூர்மையாகும். திருத்தாமலே கூர்மையாக இருந்தால், அது பறக்காத எதிலிருந்தோ வந்தது. எனக்குத் தெரியாதா? முன்வளையத்தில்தான் தெளிவாக இருந்தது, அதை மட்டும் எடுத்தேன். "உன் வேலையைப் பாரு" என்றேன்.

பிப்ரவரி 5

வரையவில்லை. ஏன் வரையவில்லை?

பிப்ரவரி 6

வரைந்தேன். திருத்தத்தை எடுத்ததும் என் முகடு எல்லா வளையத்திலும் 1461-இல் ஊசி மாதிரி நிற்கிறது. பொட்டாசியம் — முடுக்கிக்கூடத்துக் கான்கிரீட் சுவரிலிருந்து எப்போதும் வரும் காமா! ரெண்டு வருஷமா ஒரு சுவரையா கொஞ்சிண்டிருந்தேன்? நாளைக்குக் கட்டுரை போறது. நான் பேசாம இருந்தா யாருக்குத் தெரியும்? அபிலாஷ் மறுபடி கேட்கக்கூட மாட்டான்.

மேடத்துக்குப் படத்தை அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

மத்தியானம் மேடம் கூப்பிட்டு, "அச்சில வந்த பிறகு வேற ஆளு இதைச் சொல்லியிருந்தா? நல்ல காலம், கேட்டோ" என்று பாதி மலையாளத்தில் சொன்னார். கட்டுரை இல்லை. அதே தரவில் வேறு அணுக்கருவைத் தேட வேண்டும். பட்டம் இன்னும் ஒரு வருஷம் தள்ளும். வெளியே வந்து அழுதேன். அப்புறம் அபிலாஷிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"சாரமில்ல, விடு. வா, சாய குடிக்கலாம்."

இவன் மட்டும் கேட்காமல் இருந்திருந்தால்! எந்த ஜென்மத்துப் புண்ணியமோ, இவன் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கிறான்.

பிப்ரவரி 9, ஞாயிறு

அம்மாவோடு பழவங்காடி கோயில். நினைத்தது நடந்தால் பிள்ளையாருக்கு இங்கே தேங்காய் உடைப்பார்கள். நான் ஒன்று வாங்கியதும் அம்மா முகம் மலர்ந்தது.

"என்னடி, கண்டுபிடிச்சுட்டியா?"

"இல்லம்மா. இல்லாததைக் கண்டுபிடிச்சேன்னு ஊரெல்லாம் சொல்ல இருந்தேன். சொல்லலை."

அம்மா தேங்காய்க் கடைக்காரரிடம் திரும்பினாள்.

"இன்னொண்ணு தாங்கோ. பெரிசா."