பலகைக்குக் கொடுத்த கதை

ஜூலை 8, செவ்வாய்
குன்னூரில் மூன்று நாளாக மழை. கிளப் பில்லியர்ட்ஸ் அறையில் ஸ்கோருக்கு மிஷின் வந்த பிறகு, ஸ்கோர் எழுதும் மார்க்கரான எனக்கு மிச்சமிருப்பது கதைதான். இன்றும் ஆறு விருந்தாளிகள். பந்தடிக்கும் கோலுக்குப் பெயரான 'கியூ' என்றால் பிரெஞ்சில் வால் என்றேன். முன்பெல்லாம் தலை பெருத்த மட்டையால்தான் பந்தைத் தள்ளினார்கள். பந்து மேஜை ஓரத்தில் ஒட்டிக்கொண்டால் மட்டையைத் திருப்பி, வால் பக்கத்தால் அடிப்பார்கள். கடைசியில் வால்தான் நிலைத்தது. கைதட்டினார்கள்.

ஜூலை 11
மார்க்கர் அந்த அறையில் உட்காரக் கூடாது. கிளப் வழக்கம். இன்று செகரட்டரி மனோகரன் எனக்கு நாற்காலி போட்டார். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை!

"சகாயம், உங்க கதையெல்லாம் இந்தப் போன்ல சொல்லுங்க. அத எழுதி இங்க பலகை வெச்சு, கீழ உங்க பேரப் போட்டுரலாங்க."

இரண்டு மணி நேரம் சொன்னேன். ஸ்னூக்கர் என்பது பட்டாளப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்தவனைக் கேலி செய்யும் பெயர். லேசான பந்தைத் தவறவிட்ட ஒருத்தனை அப்படித் திட்டப்போய், ஆட்டத்துக்கே பெயராகிவிட்டதாம். அதையும் சொன்னேன்.

ஜூலை 12
மனைவி பிலோமினா கரண்டியைக் கீழே வைத்தாள். "எல்லாத்தையுமா சொல்லிப்போட்டீங்க?"

எல்லாத்தையும்தான். நாற்காலியைப் பார்த்ததும் புத்தி கெட்டுவிட்டது. வேலை போனால் கிளப் குவார்ட்டர்ஸ் வீடும் போகும். மகள் ஸ்டெபிக்கு மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சை. இதெல்லாம் நேற்று ஏன் தோன்றவில்லை?

ஆகஸ்ட் 2
பலகை மாட்டிவிட்டார்கள். நான் சொன்னது அத்தனையும் இருக்கிறது, இங்கிலீஷில். என் பெயர் இல்லை.

ஆகஸ்ட் 5
கடிதம். தகவல் பலகை இருப்பதால் மாதக் கடைசியோடு மார்க்கர் வேலை கிடையாதாம். வீட்டையும் காலி செய்ய வேண்டும். மனோகரன் முன் போய் நின்றேன். "கமிட்டி முடிவுங்க, நான் என்ன பண்ணட்டும்?"

மார்ச் வரைக்கும் ஊட்ட மட்டுமாவது உடுங்க சார்னு கெஞ்சுனேன். நானா கெஞ்சுனேன் — ச்சீ.

ஆகஸ்ட் 18
தள்ளியிருக்கும் கட்டபெட்டில் ஒரு அறை கிடைத்தது. ஸ்டெபி இனி இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்குப் போக வேண்டும். புத்தகங்களைச் சாக்கில் கட்டினாள். திட்டியிருந்தாலாவது தேவலை.

ஆகஸ்ட் 30, சனி
கடைசி நாள். விருந்தாளி அம்மா ஒருவர், "கியூன்னா என்னங்க அர்த்தம்?" என்று கேட்டார். தொண்டை வரை வந்தது.

"பலகையில போட்டிருக்குதுங்க" என்றேன்.

அவர் போனதும் மேஜைத் துணியைப் பிரஷால் தேய்த்து, உறை போட்டு மூடினேன். பிறகு மெம்பர்களின் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மனோகரன் எட்டிப் பார்த்தார். எழுந்திருக்கச் சொல்லவில்லை.