வடம் விடாதவர்கள் பொருட்டுத் தென்புல வேந்தற்கு

மழை தவறாது பெய்க; வடபுலமும் தென்புலமும் ஒரு குடையின் கீழிருந்த நாள்போலக் குளிர்க. வடபுலம் ஆளும் பெருநங்கை எழிலிமாதேவி, தென்புலம் காக்கும் வேந்தும் எம் உடன்பிறந்தோனுமாகிய கொற்றங்குமரற்கு விடுக்கும் ஓலை. உன் கோட்டையும் கழனியும் குறைவின்றி விளங்குக. உன் பிள்ளைகள் காய்ச்சல் தணிந்து எழுந்தார்கள் என்று கேட்டு நெஞ்சு ஆறினோம்.

நம் தந்தையார் நாட்டைப் பகுத்தளித்தபோது தேரை மட்டும் பகுக்கவில்லை. தென்புலக் கோயிலில் புறப்படும் தேரை உன் மக்கள் எல்லைக்கல் வரை இழுப்பதும், அங்கே எம் மக்கள் வடத்தை வாங்கி வடபுல நிலைக்குச் சேர்ப்பதும், தேர் நிலைசேரும்வரை வடம் பிடித்தவர்மேல் எவரும் கை வைக்காமையும் அவர் வகுத்த முறை.

எம் நாட்டில் அடிமை ஓலைகளைத் தீயிலிட்டோம் அல்லவா? அச்செய்தி உன் பண்ணைகளுக்கும் எட்டியிருக்கிறது. இவ்வாண்டு எல்லைக்கல் தாண்டியும் உன் அடிமைகள் வடத்தை விடவில்லை. பிடித்தபடியே எம் மண்ணில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு கையால் உண்கிறார்கள். மணிக்கட்டை வடத்தோடு துணியால் பிணைத்துக்கொண்டு உறங்குகிறார்கள். வெயில் தாளாது முதியவர் ஒருவர் இறந்தார். இறந்தும் அவர் பிடி தளரவில்லை. அவர் மகள் சாத்தி, தன் பிடியை விடாமல், மற்றக் கையால் அவ்விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

வடத்தை விட்டுவிடு, யாம் காப்போம் என்று அவளிடம் நேரில் மொழிந்தோம். அவள் உரைத்ததை மாற்றாது பொறிக்கச் சொன்னோம்: "ஆத்தா, நீ நல்லவதான். நாளைக்கு ஒன் தம்பி குதிரையில வந்தா ஒன் நல்ல மனசையா புடிச்சுத் தொங்குவேன்? இது கயிறு. கையில ஆப்புடுது." அருகிருந்தவன், "ராணிகிட்டயா இப்பிடிப் பேசுவ?" என்று அதட்ட, "பெரிய மந்திரி இவரு! பேசாம வடத்தப் புடிய்யா" என்றாள்.

நேற்று உன் ஓலை வந்தது. வடத்தையே வெட்டிவிட்டால் வடம் பிடித்தவர் என்று எவரும் இரார், பிறகு அள்ளிவரலாம் என உன் அமைச்சர் வழி கண்டதாகவும், விரைவில் வாள்வீரர் வருவர், தடுத்தால் போர் என்றும் எழுதியிருந்தாய். எம் அமைச்சரோ, தேரை விரைந்து நிலைசேர்த்துவிட்டால் முறையும் பிழையாது, இவர்களை ஒப்படைத்துப் போரையும் தவிர்க்கலாம் என்றனர். எந்த வழியில் போனாலும் இவர்கள் போய்ச்சேருவது உன் கொட்டடிக்குத்தானே, தம்பி?

உன் கொல்லர்கள் வேல் வடிக்கிறார்கள். இங்கும் உலை அணையவில்லை. இரு படையிலும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். எவன் எவனைக் குத்துவானோ என்று எண்ணினால் சோறு இறங்கவில்லை.

ஆதலின் எம் ஆணை இது. தேர் நிலைசேராது, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுத்தாயிற்று. உன் வீரர் வந்தால், வாளை ஓங்குமுன் வடம் பிடித்தவர் முகங்களை ஒருமுறை பார்க்கச் சொல். சாத்தியின் அருகே யாமும் அமர்ந்திருக்கிறோம். வலக்கை வடத்தில் இருப்பதால் இவ்வோலைக்கு இடக்கையால் முத்திரை இட்டோம். கோணலாக விழுந்திருக்கிறது, பொய் முத்திரை என்று உன் அவையோர் சொன்னால் நம்பாதே.