எருக்கு முளைத்த வீடு

பெரியப்பா, இன்று கணக்கு வகுப்பில் என் பை வெடித்தது. பயப்படாதீர்கள், குண்டு இல்லை, எருக்கங்காய். உங்கள் செடியில் கடைசியாக நான் பறித்து வைத்திருந்தது. காய்ந்து பிளந்து, பஞ்சு பஞ்சாக விதை பறந்து, வாத்தியாரின் வழுக்கைத் தலையில் போய் உட்கார்ந்தது. அந்த மண்டையில் ஏதோ ஒன்று முளைத்துப் பார்த்தது இன்றைக்குத்தான். என்னை வெளியே நிற்க வைத்தார். நின்ற இடத்தில் உங்கள் ஞாபகம்.

ஊருக்கு நீங்கள் 'சொல்தா', அதாவது சிப்பாய். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு திரும்பி, அங்கே பார்த்த மாதிரியே வீட்டு முன்னால் புல்தரை போட்டீர்கள். வில்லியனூர் வெயிலில்! குந்தி உட்கார்ந்து கத்தரிக்கோலால் வெட்டுவீர்கள். பூ கிடையாது, பூச்சி கிடையாது. காக்கா கூட இறங்க யோசிக்கும். சண்டைக் கதை கேட்டால் சொல்லமாட்டீர்கள், மிட்டாய் கேட்டால் தரமாட்டீர்கள். "சொல்லவும் மாட்டீங்க, தரவும் மாட்டீங்க, அப்புறம் இன்னா சொல்தா?" என்றதற்குக் கத்தரிக்கோலோடு துரத்தினீர்கள்.

அந்தப் புல்லைப் பக்கத்து வீட்டு அஞ்சலை அக்காவின் ஆடு மேய்ந்துவிட்டது. நீங்கள் ஆட்டைப் பிடித்துக் கட்டிப்போட, அக்கா தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றியது: "உன் வூட்டுல எருக்கு மொளைக்க!" வீடு பாழாய்ப் போகச் சொல்ல நம் பக்கம் இதற்கு மேல் சாபம் இல்லை. நீங்களோ, "மொளைக்கட்டும், நானே தண்ணி ஊத்துறேன்" என்றீர்கள்.

மழைக்குப் பிறகு நிஜமாகவே முளைத்தது. பிடுங்கச் சொல்லிப் பெரியம்மா கெஞ்சினார். நீங்கள் வீம்புக்குத் தண்ணீர் ஊற்றினீர்கள். வீம்பு வளர்ந்து பூத்தது. கருவண்டு வந்தது. கறுப்பும் மஞ்சளுமாய் வரி போட்ட புழு இலையைத் தின்றது. மருந்து அடிக்கலாமா என்றேன். "சும்மா இருடி, யூனிபார்ம் போட்டிருக்கான்" என்றீர்கள். அந்தப் புழு ஆரஞ்சுப் பட்டாம்பூச்சியாகப் பறந்த அன்று கத்தரிக்கோலைத் தூக்கிப் போட்டீர்கள். புல் போனது. ஏரிக்கரையிலிருந்து ஆவாரை, தும்பை, நொச்சி என்று இருவரும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தோம். எருக்கம்பஞ்சை உருவித் தேன்சிட்டு கூடு கட்டியது. பாம்பு வரும் என்று ஊர் பயமுறுத்தியபோது, "வந்தா வரட்டும். என் பென்ஷன்ல பங்கா கேக்கப்போவுது?" என்றீர்கள்.

அந்த வருஷப் பிள்ளையார் சதுர்த்திக்கு அஞ்சலை அக்கா முறத்தோடு வந்து, முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, "மாலை கட்ட நாலு எருக்கம்பூ..." என்று இழுத்தது. ஞாயிறு தவறாமல் மாதாகோயில் பூசைக்குப் போகிற நீங்கள் பிள்ளையாருக்கு முறம் நிறையப் பறித்துப் போட்டீர்கள். "உன் சாபம் நல்லாத்தான் பூத்திருக்கு, எடுத்துக்கம்மா."

வைகாசியில் நெஞ்சுவலி வந்து போய்விட்டீர்கள். ஊர், எருக்கின் மேல் பழி போட்டது. ஆடியில் லீவுக்குப் பாரிஸிலிருந்து வந்த உங்கள் மகன், "வூடா இது, சுடுகாடா?" என்று ஆள் விட்டு எல்லாவற்றையும் வெட்டினான். குறுக்கே போய் நின்றேன். "பெரியப்பாவ ரெண்டாவது தடவ சாவடிக்காதண்ணே."

"போடி அந்தாண்ட."

வேரையும் தோண்டிப் போட்டுப் புல் பதித்துவிட்டான்.

சதுர்த்திக்கு அஞ்சலை அக்கா முறத்தோடு வந்தது. பூ இருந்த இடத்தில் புல்லைப் பார்த்தது. முறத்தைக் கீழே வைத்தது. குனிந்து மண்ணை வாரி அண்ணன் பக்கம் தூற்றியது.

"உன் வூட்டுல எருக்கு மொளைக்க!"

குரல் உடைந்திருந்தது, பெரியப்பா.

அண்ணன் பிளேன் ஏறிவிட்டான். பள்ளி விட்டதும், பறந்தது போக மிஞ்சிய விதையில் ஒரு பிடியைக் கையில் பொத்திக்கொண்டு உங்கள் வீட்டு வாசலுக்குப் போனேன். பெரியம்மா என் கையைப் பார்த்தார். "எனக்கு ஒன்னும் தெரியாதும்மா, அடுப்புல சோறு இருக்கு" என்று கேட்டைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஊதினேன்.

அண்ணன் அடுத்த லீவுக்கு வரட்டும். திரும்பவும் வெட்டட்டும். பென்சில் டப்பாவில் இன்னும் நிறைய இருக்கிறது.