ஆறாவது செக்‌ஷன்

அக்கா,

இன்று காலை வாகட்டில் என் வீட்டில் சன்னல் துடைக்க வாங்கிய புது பாட்டிலைத் திறந்தேன். அம்மோனியா நெடி. நம் டிராயிங் ஆபீஸில் பிரிண்ட் எடுக்கும் இயந்திரத்தின் அதே நெடி. துணியை அப்படியே போட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். நீங்கள் போய் ஒரு மாதம் ஆகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம். போசரியில் நம் ஃபேன் தொழிற்சாலை. கணக்குப் போடுவது நான், வரைவது நீங்கள். தமிழ் பேச நாம் இரண்டே பேர். மற்றவர்கள் முன்னால் நான் உங்களுக்கு ‘சார்’, டீ வேளையில் ‘தம்பி’. அந்தப் பெரிய ஆக்சியல் ஃபேனின் இறக்கைக்கு வேரிலிருந்து நுனிவரை ஒன்பது குறுக்குவெட்டு, அதாவது ஒன்பது செக்‌ஷன். கோணம் ஒவ்வொன்றிலும் சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே போகவேண்டும். ஒன்பதையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து பார்த்துவிட்டு என் மேசைக்கு வந்தீர்கள்.

“ஆறாவது மட்டும் கண்ணை உறுத்துது தம்பி. ஒரு தடவை பாருங்களேன்.”

நான் பார்க்கவில்லை. என் கணக்கில் தப்பு வராது என்கிற திமிர். கொடுத்ததை வரையுங்கள் என்றேன். வரைந்தீர்கள்.

வார்ப்பு முடிந்து ஓட்டிப் பார்த்தபோது காற்றும் போதவில்லை, ஃபேனின் சட்டமே கிடுகிடுவென்று ஆடியது. ஃபைலைப் புரட்டினேன். ஆறாவதின் கோணம் முப்பத்திரண்டு என்று இருக்கவேண்டிய இடத்தில் இருபத்து மூன்று என்று எழுதியிருந்தேன். விசாரணைக்கு முன்பே அந்தத் தாளை எடுத்துவிட்டு, சரியான எண்ணோடு வேறு தாள் எழுதி ஃபைலில் வைத்துவிட்டேன். அதை மேனேஜர் உங்களிடம் நீட்டினார். வெகுநேரம் பார்த்தீர்கள். ‘நான்தான் மாற்றிப் படித்துவிட்டேன்’ என்று இந்தியில் நீங்களே ஒப்புக்கொண்டீர்கள்.

உடனே பெரிய மனிதன்போல் உங்களுக்காகப் பரிந்து பேசினேன். உங்கள் வேலை பிழைத்தது. உங்களுக்கு வரவேண்டிய டிராயிங் ஆபீஸ் பொறுப்பு வேறொருவருக்குப் போயிற்று. அதற்குப் பிறகு ஒவ்வொரு எண்ணையும் ஸ்கேலை வைத்து மூன்று முறை பார்ப்பீர்கள். அப்போதும் சந்தேகம் தீராமல் என்னிடம் வந்து, “இது ஏழுதானே தம்பி?” என்பீர்கள். உங்கள் பதவி உயர்வு போனதைவிட அந்தக் கேள்விதான் என்னைத் தின்றது. அந்த ஆபீஸிலேயே தப்பைக் கண்டுபிடித்த ஒரே கண் உங்களுடையது. அதையே நீங்கள் நம்பாதபடி செய்துவிட்டேன்.

முதலில் பயம், பிறகு வெட்கம். அப்புறம் சொல்லலாம் என்றே வருடங்கள் ஓடிவிட்டன.

உங்கள் பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்ததும் விஷ்ராந்த்வாடியில் உங்கள் வீட்டுக்குப் போனேன். உங்கள் மகளிடமாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அவள் முந்திக்கொண்டாள்.

“அம்மா எப்பவும் சொல்லும் அங்கிள். அம்மா மிஸ்டேக் பண்ணிச்சு, நீங்கதான் ஜாப் காப்பாத்தினீங்க.”

குனிந்து என் காலைத் தொட்டாள். நான் மறுக்கவில்லை, அக்கா. தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்தேன். அந்தக் கை இன்னும் கூசுகிறது.