கும்பிடப்போய் நழுவிய துடுப்பு

அன்பு மருமகள் வேணிக்கு, அப்பன் இடத்தில் நின்று உன்னை வளர்த்த மாமன் எழுதுவது. ஆலப்புழையில் படகுப் பந்தயத்துக்கு நீ சுகமாகத் துடுப்பு போட்டுக்கொண்டிருப்பாய். இங்கே நானும் உன் அம்மாவும் உயிரோடு சுகம். எழுத்து கோணலாக இருந்தால் வயதென்று நினைக்காதே, பயம் இன்னும் போகவில்லை. செல்போன் கொள்ளிடத்தில் ஜலசமாதி ஆகிவிட்டதால், பால் வண்டிக்காரரிடம் கொடுத்து அரியலூரில் தபாலில் போடச் சொல்கிறேன்.

மேலே அணையைத் திறந்துவிட்டார்கள், நேற்றுக் காலை ஆற்று நடுவில் இருக்கும் நம் திட்டைத் தண்ணீர் சூழ்ந்துவிட்டது. உன் அம்மா ஆட்டையும் அண்டாவையும் விட்டு வரமாட்டேன் என்று நின்றாள். ஈரேழு உலகையும் நடுங்கவைத்த உன் மாமன், பக்கத்து வீட்டுக் காசிநாதனோடு படகில் போய் மூன்றையும் ஏற்றினேன். வீரம் அதுவரைக்கும்தான். நடு ஆற்றில் தண்ணீர் ஆயிரம் யானை மூச்சு விடுவதுபோல் இரைந்தது. முன்னால் அவன் ஒரு பக்கம், பின்னால் நான் மறுபக்கம், ஆளுக்கொரு வேகத்தில் தண்ணீரை வெட்டினோம், படகு செக்குமாடாகச் சுற்றியது. நீ போனில் சொன்னது அப்போதுதான் நினைவு வந்தது. முன்னாடி இருக்கவங்க முதுகப் பாருங்க மாமா, துடுப்பு ஒண்ணா தண்ணியில எறங்கணும், இழுக்கிறதுதான் பலமா, திரும்பக் கொண்டாறது நிதானமா, பயந்தா அங்கதான் அவசரப்படுவோம் என்பாயே. என் கல்யாணத்தில் பெண்ணைக்கூட அப்படிப் பார்த்ததில்லை, காசிநாதன் முதுகைப் பார்த்தேன். படகு நேரானது.

நேரானதும் வந்தது வினை. கரையில் அய்யனார் கோயில் தெரிய, பஸ்ஸில் போகிறவன் மாதிரி இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான் அந்தப் படுபாவி. துடுப்பு ஆற்றோடு போயிற்று. படகு சாய்ந்து தண்ணீர் உள்ளே வந்தது, உன் அம்மா என் சட்டையைப் பிடித்தாள். இதில் அளப்பு இல்லை வேணி, அந்த நேரம் உன் முகம் மட்டும்தான் கண்ணில் நின்றது. உன் அம்மாதான் முதலில் தெளிந்தாள். டேய் காசி, சாமி எங்கயும் ஓடிப்போவாது, இதப் புடிடா என்று அண்டா மூடியை அவன் கையில் திணித்து, கரண்டியால் அண்டாவைத் தட்ட ஆரம்பித்தாள். சத்தம் வந்தால் இழுக்கணும், அடுத்த சத்தம் வரை காத்திருக்கணும். அந்தக் காத்திருப்பு ஒவ்வொன்றும் ஒரு யுகம். எப்படியோ கரை சேர்ந்தோம்.

திட்டில் இன்னும் பொன்னாயியும் அவள் மாமனாரும் இருக்கிறார்கள், தண்ணீர் ஏறுகிறது, மீட்புப் படகு எப்போது வருமென்று யாருக்கும் தெரியவில்லை. வேறு துடுப்போடு காசிநாதன் கரையில் காத்து நிற்கிறான். எனக்குப் போகப் பயம், உனக்கு மட்டும் சொல்கிறேன். உன் அம்மா அண்டாவோடு ஏற்கெனவே படகுக்குப் போய்விட்டாள்.

நீ நூறாண்டு நன்றாக இரு. பந்தயத்தன்று கரையில் எந்தக் கோயில் தெரிந்தாலும் துடுப்பிலிருந்து கையெடுக்காதே. இதைப் படிக்கும்போது கரையில்தானே இருப்பாய், எங்களுக்கும் சேர்த்து நீயே கும்பிட்டுவிடு. நாங்கள் கையெடுக்கப் போவதில்லை.

உன் மாமன்,
சிங்காரவேலு