பாதிச் சிலுவை

ஜூன் 9, ஞாயிறு.

மகள் ஸ்டெல்லா ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வியட்நாம் போய் ஒரு வாரமாகிறது. நாளை அவளுக்கு முதல் வகுப்பு. நான் ஐந்தாவதோடு நின்றவன். செய்தித்தாளை எழுத்துக்கூட்டி ஆங்கிலம் கற்று, மகளுக்கும் நானே கற்பித்தேன். அது யார் வீட்டுப் பிள்ளைகளுக்கோ போகிறது. இங்கே எங்கள் நாகல் நகரில் பிள்ளைகளே இல்லையா? அந்தக் கோபத்தில்தான் கிளம்பிய அன்று அவள் நெற்றியில் ஆசீர்வாதச் சிலுவை போடாமல் அனுப்பினேன். கோபம் இன்னும் போகவில்லை.

மாலையில் வீடியோவில் வந்தாள். "சாப்டீங்களாப்பா? என்ன வெஞ்சனம்?"

"ஏன், அங்கிருந்து கொண்டாரப் போறியா?"

சிரித்தாள். பிறகு, "நாளைக்கு கிளாஸுப்பா. இப்பவாச்சும் போட்டு விடுங்க" என்று நெற்றியைக் கிட்டே கொண்டுவந்தாள். திரை முழுக்க அவள் நெற்றி.

கட்டைவிரலை வைத்தேன். மேலிருந்து கீழே இழுத்தபோது அடியிலிருந்த சிவப்புப் பொத்தானில் பட்டு அழைப்பு அறுந்துவிட்டது.

செத்த நேரத்தில் கீழ்வீட்டிலிருந்து தம்பி அந்தோணி ஏறிவந்தான். "ஏண்ணே, புள்ள எனக்குப் போன் போட்டு அழுகுது. நெத்தியக் காட்டுனா போனை வெட்டி விடுவியா?"

அவன் கேட்ட தோரணை பிடிக்கவில்லை. "ஆமா, வெட்டுனேன். என்ன இப்ப?" என்றேன்.

அதையே அவளிடமும் சொல்லியிருப்பான். அவள் திரும்பக் கூப்பிடவில்லை. நானாகக் கூப்பிட மாட்டேன். போனைத் தலையணை ஓரம் வைத்திருக்கிறேன். நெடுக்குக் கோடுதான் போட்டேன். குறுக்குக் கோடு பாக்கியிருக்கிறது.